விடுப்பில் இருந்தபடி உறவாடிய நெவேனா

நூலகர்கள் ஒருவரோடு ஒருவர் போதிய அளவு பேசிக்கொள்வதில்லை என்று நூலகப் பணியாளர் நல்லுறவு இயக்குநரகம் நான்கு ஆண்டுகள் ஆய்வு செய்து கண்டறிந்தது. நூலகங்களில் 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்ட உத்தரவிட்டதும் இதே இயக்குநரகம்தான். ஆனால் அது வேறு பிரிவு.

ஆகவே பல்கேரியாவில், டான்யூப் கரை மாவட்டங்களில் இருந்த முந்நூற்றுப் பன்னிரண்டு சிற்றூர் நூலகங்களுக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கப்பட்டது. ஒருவர் எழுதினால் எல்லாருக்கும் போகும். ஒரு கடிதத்துக்கு ஒரு புள்ளி. ஆண்டுக்கு நூறு புள்ளி எடுக்காத நூலகம் 'தொழில்சார் உறவாடலில் நாட்டமற்றது' எனக் கருதப்பட்டுப் பக்கத்து ஊர் நூலகத்தோடு இணைக்கப்படும். இணைப்பது என்றால் மூடுவது. அந்தச் சொல்லை இயக்குநரகம் உபயோகிப்பதில்லை.

டோல்னா ராகீத்தா நூலகத்துக்கு நெவேனா ஒருத்திதான் ஆள். ஐம்பத்தோரு வயது. எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது மட்டுமல்ல, யார் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். செப்டம்பரில் மண்டல ஆய்வாளர் பென்ச்சேவ் அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், உங்களுக்கு ஆறே ஆறு புள்ளிதான் இருக்கு. அங்க என்னதான் பண்றீங்க?"

"வர்றவங்களுக்குப் புத்தகம் எடுத்துக் குடுக்கறேன் சார்."

"அதுக்குப் புள்ளி கிடையாதே!"

"குழுவுல என்னத்த சார் எழுதறது? எல்லாரும் 'காலை வணக்கம்'னுதான் எழுதறாங்க."

"பாருங்க, எவ்வளவு அழகா உறவாடறாங்க! நீங்க மெனக்கெடவே வேண்டாம். வேற யாராச்சும் எழுதினதுக்கு 'அருமை'ன்னு போட்டாலும் ஒரு புள்ளி."

நெவேனா உட்கார்ந்து குழுவைத் திறந்தாள். அன்று வந்திருந்தது ஒரு நூலகத்தின் கூரை இடிந்து விழுந்த செய்தி. ஏற்கெனவே நாற்பது பேர் 'அருமை' போட்டிருந்தார்கள். அவளுக்குக் கை வரவில்லை.

அக்டோபரில் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைக்கு மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றார்கள். போகும்முன் கணினியில் ஒரு தானியங்கி பதிலை எழுதி வைத்தாள்: 'உங்கள் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. நான் இப்போது விடுப்பில் இருக்கிறேன். அன்புடன், நெவேனா.' பிறகு கதவைப் பூட்டினாள். திரும்பி வரும்போது இந்தக் கதவு தன்னுடையதாக இருக்காது என்று நினைத்தபோது, வயிற்று வலியைவிட அதுதான் அதிகம் வலித்தது.

கணினி தன் வேலையைச் செய்தது. ஒவ்வொரு காலை வணக்கத்துக்கும் பணிவாக நன்றி சொன்னது. இரண்டாம் வாரம் வேறோர் ஊரில் பேறுகால விடுப்பில் போன ஒரு பெண்ணும் இதேபோல ஒரு பதிலை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று நன்றி சொல்ல ஆரம்பித்தன. சனி, ஞாயிறு என்றுகூடப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் பென்ச்சேவ் ஐந்து கார்னேஷன் பூக்களோடு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"நாலாயிரத்து நூத்தாறு புள்ளி! படுத்த படுக்கையிலயும் கடமையா மேடம்!"

"சார், அது நான் இல்ல. விடுப்புல இருக்கேன்னு கணினி தானா போட்ட பதில்."

"இந்த அடக்கம்தான் மேடம் உங்கள இங்க கொண்டு வந்திருக்கு!"

"என்னை இங்க கொண்டு வந்தது பித்தப்பைக் கல்லு சார்."

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

டிசம்பரில் மண்டல மாநாட்டில் நெவேனாவை மேடையேற்றினார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவள் தீர்மானித்திருந்தாள். "இந்த நாலாயிரத்துல நான் ஒரு கடிதம்கூட எழுதல. விடுப்புல போனேன், அவ்வளவுதான்" என்று நடந்ததை எல்லாம் சொன்னாள். அரங்கம் முழுக்கப் பேனாக்கள் கீறும் சத்தம் கேட்டது. மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, அந்த வாசகத்த இன்னொரு தடவை மெதுவா சொல்லுங்க. எழுதிக்கறேன்."

திங்கட்கிழமை முதல் எல்லா நூலகமும் கணினியில் விடுப்பில் போயின. பதில் பெறாத கடிதம் ஒன்றுகூட இல்லை என்று இயக்குநரகம் பெருமையோடு அறிவித்தது.

மார்ச் மாதம் ஸ்டாமென் என்கிற தேனீ வளர்ப்பவர் நூலகத்துக்கு ஓடி வந்தார். "ஏழு பெட்டி போயிருச்சும்மா. மிச்சம் பதிமூணுதான் இருக்கு. தேனீ நோயப் பத்தி ஒரு பழைய புத்தகம் உண்டே, கிடைக்குமா?" நெவேனா முதல்முறையாகக் குழுவில் ஓர் உண்மையான கேள்வி கேட்டாள்: 'இந்தப் புத்தகம் யாரிடமாவது இருக்கிறதா?' ஒரே நிமிடத்தில் முந்நூற்றுப் பதினோரு பதில்கள் வந்தன. எல்லாரும் நன்றி சொல்லியிருந்தார்கள். எல்லாரும் விடுப்பில் இருந்தார்கள். வாசகத்தை எழுத்துப் பிசகாமல் நகலெடுத்திருந்ததால் எல்லாரும் 'அன்புடன், நெவேனா' என்றே கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அவள் பக்கத்து ஊர் நூலகர் ஸ்வெத்தானாவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"இருக்கே அக்கா, இதோ கைக்கெட்டற தூரத்துல. மத்தியான பஸ்ஸுல குடுத்தனுப்பறேன். ஆனா நான் எடுத்துப் பேசினத யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நான் விடுப்புல இருக்கேன்."

புத்தகம் வந்தது. பதிமூன்று பெட்டியும் பிழைத்தன. அதற்குப் புள்ளி கிடையாது.

அந்த மாதக் கடைசியில் பென்ச்சேவ் மறுபடி அழைத்தார்.

"மேடம், பணியாளர் பிரிவு அந்த விடுப்புக் கடிதத்தை எல்லாம் பார்த்து நாள எண்ணியிருக்கு. முந்நூத்துப் பதினோரு நூலகத்துக்கும் தலா தொண்ணூறு நாள், அதோட உங்க மூணு வாரம். மொத்தம் இருபத்தெட்டாயிரத்துப் பதினோரு நாள் விடுப்பு. கையெழுத்து அத்தனையும் உங்களுது. அவ்வளவு நாளும் நீங்க வேலை பார்த்துக் கழிச்சாகணுமாம். எழுபத்தாறு வருஷம் எட்டு மாசம்."

நெவேனா சற்று யோசித்தாள்.

"அப்ப அதுவரைக்கும் இந்த நூலகத்த மூட முடியாதுல்ல சார்?"

மறுமுனையில் விதிப்புத்தகம் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"விதிப்படி... முடியாது மேடம்."

அவள் நிம்மதியாக மூச்சுவிட்டு, வைக்கப் போனாள்.

"மேடம், மேடம், வெச்சிடாதீங்க," என்று பென்ச்சேவ் குரலைத் தாழ்த்தினார். "எங்க பிரிவையும் இணைக்கப் போறதா பேச்சு அடிபடுது. அதுல ஒரு இருபது வருஷத்த என் பேருக்கு மாத்தித் தர முடியுமா?"