இருபதாவது பிள்ளை

வட்டுக்கோட்டை
9.3.1991

அன்புள்ள கிறகோரி அண்ணைக்கு,

மாதாவின் இரக்கத்தால் நாங்கள் சுகம். உங்கள் சுகத்தையும், அண்ணியின் முழங்கால் சுகத்தையும் தனித்தனியே அறிய ஆவல்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொன்பது வயதில், பள்ளிக்கூட யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து, பத்து வயதுப் பொடியனின் குரலில் கத்துவதற்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். எல்லாம் என் மகள், உங்கள் மருமகள் மக்டலீனுக்காக.

அவளுடைய ஆசிரியர் தராதரப் பத்திரத்துக்கு ஒரு சோதனைதான் மிச்சம். அதிகாரி இருந்து பார்க்க, ஒரு பாடம் நடத்த வேண்டும். வகுப்பில் இருபது பிள்ளைகளாவது இருக்க வேண்டுமாம். ஒன்று குறைந்தாலும், சம்பளமில்லாமல் மூன்று வருடம் படிப்பித்தது கடலில் கரைத்த புளி. இருந்ததோ பத்தொன்பது. இருபதாவது, எங்கள் குருநகர் இன்னாசித்தம்பியின் மகன் சிமியோன். அந்தக் குடும்பம் போன மாதம் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனது. போய்ச் சேர்ந்ததென்று ஒரு சொல்லும் வரவில்லை. இவளோ வகுப்பு வரவு இடாப்பில் அவன் பெயரை வெட்ட மனமில்லாமல் தினமும் கூப்பிட்டு, வரவில்லையென்று தினமும் ஒரு முட்டை போடுவாள்.

"அவனுக்கு நான் பதில் சொல்லுறன் பிள்ளை" என்றேன்.

"பொய் சொல்லி எடுக்கிற பத்திரத்தை எந்தச் சுவரிலையம்மா கொழுவிறது?"

"ஆணி இருக்கிற சுவரிலை."

முறைத்துவிட்டுப் போனாள். நானும் பின்னால் போனேன்.

ஐந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, மண்டை பிளக்கிற வெயில். அதிகாரி பிள்ளைகளோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "சிமியோன்" என்றாள். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அண்ணை, திறந்த வாய் திறந்தபடியே நின்றது. "ஓம் ரீச்சர்" என்று உள்ளேயிருந்து கேட்டது. அவனுக்கு எப்போதும் தடிமன், பாதிப் பேச்சு மூக்கால்தான் வரும். அதே மூக்கு. மக்டலீனின் கையிலிருந்த வெண்கட்டி முறிந்த சத்தமும் கேட்டது. பிள்ளைகளில் ஒன்றாவது திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் பாடத்தை நடத்தி முடித்தாள், என் வயிற்றில் பிறந்தவள்.

அதிகாரி வெளியே வந்து, "இருபது. நல்ல வகுப்பு, ரீச்சர். எனக்குப் பக்கத்திலை இருந்த பொடியன் பெருக்கலெல்லாம் சரியாப் போட்டான். சேட்டுத்தான் முழுக்க ஈரம். தாய்க்குச் சொல்லிவிடுங்கோ" என்றார். கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

நாங்கள் இருவரும் கடைசி வாங்கைத் தொட்டுப் பார்த்தோம். ஈரம். "உப்போ எண்டு விரலை நக்கிப் பார்" என்றேன். அவள் நக்கவில்லை. நானும் நக்கவில்லை.

இப்போது அதிகாரி கையெழுத்து வைத்த அந்தக் கடதாசியைக் கல்விக் கந்தோருக்கு அனுப்ப மாட்டேன் என்கிறாள். "அந்தப் பிள்ளை செத்துப்போய் வந்தெல்லோ எனக்கு வாங்கித் தந்தவன்" என்று அழுகை. சோறும் இறங்குதில்லை. கடைசித் திகதி சித்திரையில். ஆகையால் அண்ணை, அங்கே நீர்கொழும்புக் கோயிலில் சிமியோனின் ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுத்து, உடனே எழுதிவிடுங்கள். அவள் மனம் ஆறினால் அனுப்புவாள்.

அந்தோனியார் உங்களையும், முடிந்தால் அந்த முழங்காலையும் காப்பாராக.

அன்புத் தங்கை
கத்தரீனா

பி.கு.: தபால் போகாமல் இக்கடிதம் மூன்று கிழமை கிடந்துவிட்டது. பூசை வேண்டாம். இன்று வந்த தபாலில் இன்னாசித்தம்பி இந்தியாவிலிருந்து, மண்டபம் அகதி முகாமிலிருந்து எழுதியிருக்கிறார், எல்லோரும் சுகம். மக்டலீனும் கடதாசியை அனுப்பிவிட்டாள். மகனைப் பற்றித்தான் அவருக்கு ஒரு முறைப்பாடு. ஐந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, அங்கே மழையாம். சிமியோன் நனைந்தபடி வகுப்பில் இருந்தானாம். வாத்தியார் மூன்று தரம் பெயர் கூப்பிட்டும் வாய் திறக்கவில்லையாம். வரவில்லையென்று முட்டை போட்டுவிட்டார்.