ரிக்கார்டும் மாமனார் கட்டும்

கோலாலம்பூரில் சக்கரம் வைத்த எதையாவது ஓட்டியவர்களில் ஒருவர்கூட உண்மை பேசியதில்லை என்பதை எழுத்து மூலமாக நிரூபிக்கக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் கோர்ட்டில் பழைய காகிதங்கள் வைக்கும் அறையில் அவருக்கு வேலை. எல்லோரும் அவரை ரிக்கார்டு என்றே கூப்பிட்டோம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் எங்கேயாவது இருந்திருக்கும். நான் போய்ப் பார்த்ததில்லை.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய சமாசாரம் இது. நான் அந்தக் கோர்ட்டில் சின்னக் கிராணி. கிராணி என்றால் எங்கள் ஊர்த் தமிழில் குமாஸ்தா. ரோட்டில் மாட்டுவண்டி, ரிக்‌ஷா, சைக்கிள், மோட்டார், பஸ் எல்லாம் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போன காலம். யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பது மாடுகளைத் தவிர வேறு யாருக்கும் தெளிவாகத் தெரியாது. அதனால் ஓயாமல் சம்மன். விளக்கில்லாத சைக்கிள், நடுரோட்டில் நின்ற வண்டி, படிக்கட்டில் ஆள் தொங்கிய பஸ், எல்லாம் எங்களிடம் வரும். தீர்ப்பானதும் காகிதம் ரிக்கார்டின் அறைக்குப் போகும். அப்புறம் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க அவர் ஒருவரால்தான் முடியும்.

ஏனென்றால் அவர் காகிதங்களைப் பெயர் வரிசையில் அடுக்கவில்லை. தேதி வரிசையிலும் அடுக்கவில்லை. மாட்டிக்கொண்டவன் என்ன சாக்குச் சொன்னானோ, அதன்படி கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்.

'விளக்கு இருந்தது, காற்று அணைத்துவிட்டது' என்றவர்கள் எல்லோரும் காற்றுக் கட்டு. 'மாடு தானாகத் திரும்பியது' என்றவர்கள் மாட்டுக் கட்டு. 'இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது' என்றவர்களுக்கு அப்பாவிக் கட்டு. 'மாமனார் செத்துப்போனார், அவசரமாகப் போனேன்' என்றவர்களுக்கு மாமனார் கட்டு. இதில் காற்றுக் கட்டுதான் ஆகப் பெரியது. அதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

பெரிய கிராணிக்கு இது பிடிக்கவே இல்லை. ஒருநாள் அறை வாசலில் நின்று கத்தினார்.

"ஏ, பி, சி வரிசையில வைக்கிறதுக்கு என்ன கேடு உமக்கு?"

ரிக்கார்டு நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னார். "பேரு அப்பன் ஆத்தா வச்சதுங்க. பாதிப் பேருக்கு அது முத்துசாமி, மீதிப் பேருக்கு ராமன். சாக்கு அவனே யோசிச்சுச் சொன்னது. எதுங்க அவனுக்கு அடையாளம்?"

பெரிய கிராணி கையில் கிடைத்த கட்டைப் புரட்டினார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இது தோட்டத்துத் துரையோட மோட்டார் கேஸ் ஆச்சே. இத மாட்டுக் கட்டுல செருகி வச்சிருக்கீரே?"

"மாடு மொறச்சுப் பாத்துச்சு, அதனால ரோட்ட விட்டு எறங்கிட்டேன்னு அவரும்தானே சொன்னாரு. சாக்குக்கு ஏதுங்க கலரு?"

அதற்குமேல் பெரிய கிராணி அந்த வாசலில் நிற்கவில்லை.

ரிக்கார்டு ஒல்லியான ஆள். வெள்ளைக் கோட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். அந்த அறை மழைக்கு ஒழுகும். மழை வந்தால் குடையை விரித்துக் காகிதங்களுக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தபடி நிற்பார். பிரிக்ஃபீல்ட்ஸில் வாடகை அறை. அங்கிருந்து தினமும் நடந்தே வருவார், நடந்தே போவார். "ரிக்‌ஷாவுல வரலாமே அண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் படிக்கிறத நீ படிச்சா, வீட்டு வாசலத் தாண்டவே பயப்படுவே" என்றார்.

ஒருநாள் கிள்ளானிலிருந்து பஸ் முதலாளி ஒருவர் வந்தார். புதிதாக ஒரு டிரைவரை வேலைக்கு வைக்கப் போகிறார், அவன்மேல் பழைய கேஸ் ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். பெயரைச் சொன்னார். ரிக்கார்டு காதில் வாங்கவே இல்லை.

"ஆளு எப்படிப் பேசுவான்?"

"நல்ல மரியாதைக்காரன்லா. வாயத் தொறந்தா ஐயா, ஐயான்னுதான் வரும்."

"அழுவானா?"

முதலாளி யோசித்தார். "வேலை கேக்கும்போது கொஞ்சம் கண்ணு கலங்குனான்."

ரிக்கார்டு உள்ளே போய், 'பிள்ளைகுட்டிக்காரன்' என்று எழுதியிருந்த கட்டை அவிழ்த்து, நாலு காகிதங்களோடு இரண்டு நிமிடத்தில் திரும்பிவிட்டார். நாலும் அதே டிரைவர். முதல் கேஸில் அவனுக்குப் பிள்ளைகள் மூன்று. அடுத்த மாதத்துக் கேஸில் ஏழு.

சம்மனோடு வரும் ஜனங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வராந்தாவில் நிற்பார்கள். பாதிப் பேர் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பார்கள். ரிக்கார்டு அதை வாங்கி நேராக்கிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவருக்கும் அதே பாடத்தைச் சொல்லுவார். "ஒம்போது மணிக்கு வந்துரு. சட்டை போட்டுக்க. பேரக் கூப்பிட்டா கையத் தூக்கு. செஞ்சிருந்தா செஞ்சேன்னு சொல்லு, செய்யலன்னா செய்யலன்னு சொல்லு. நடுவுல கதை சொன்னா மாஜிஸ்திரேட் துரைக்குக் கோவம் வரும், எனக்குக் கயிறு செலவாகும்." அவர்கள் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு உள்ளே போய்க் கதை சொல்லுவார்கள்.

எனக்கே ஒருமுறை சம்மன் வந்தது. விளக்கில்லாமல் சைக்கிளில் வந்தபோது மாத்தா பிடித்துவிட்டான். மாத்தா என்றுதான் நாங்கள் போலீஸ்காரரைச் சொல்லுவோம். கோர்ட்டுக் கிராணியான நானே கூண்டில் ஏறினேன். எத்தனையோ பேரை அங்கே பார்த்திருந்தும், துரை கேட்டவுடன் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "விளக்கு இருந்தது, காற்று அணைத்துவிட்டது."

சாயங்காலம் ரிக்கார்டு என் மேஜைக்கு வந்தார். "ஒன்னக் காத்துல போட்டுட்டேன்" என்றார். "நீயாச்சும் புதுசா ஒண்ணு சொல்லுவேன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அபராதத்தைவிட அதுதான் எனக்கு உறைத்தது.

இதெல்லாம் சிரிப்புக் கதை. ஒருநாள் மட்டும் யாரும் சிரிக்க முடியாத ஒரு கேஸ் வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல் ஏற்றும் வண்டிக்காரர் ஒருவர். அவர் பெயரும் முத்துசாமிதான். வண்டியில் விளக்கில்லை என்று சம்மன். "என்ன சொல்கிறாய்?" என்று துரை கேட்க, இன்டர்பிரட்டர் அதைத் தமிழில் கேட்டார்.

"வெளக்கு இல்லீங்க. எண்ணெ ஊத்த மறந்துட்டேன்" என்றார் வண்டிக்காரர்.

அவ்வளவுதான். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் போலீஸ் இன்ஸ்பெக்டர் எழுந்து, இதே முத்துசாமிமேல் ஏற்கெனவே ஐந்து கேஸ் இருக்கிறது, வண்டி லைசென்ஸையே ரத்து செய்ய வேண்டும் என்றார். குற்றப் பதிவேட்டில் பெயரும் ஊரும் மட்டும்தான் இருந்தன. வண்டிக்காரர் அரண்டுபோனார். "நான் இந்தக் கட்டடத்துக்கே இப்பத்தாங்க வரேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பின்னால் நின்ற அவர் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். லைசென்ஸ் போனால் வண்டி நிற்கும், அடுப்பும் நிற்கும்.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "மத்தியானத்துக்குள் அந்தப் பழைய காகிதங்களைக் கொண்டுவாருங்கள். வராவிட்டால் பதிவேட்டில் இருப்பதை வைத்தே தீர்ப்புச் சொல்வேன்."

பெரிய கிராணி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அத்தனை முத்துசாமிகளில் தேட மூன்று நாளாகும். நான் காகித அறைக்கு ஓடினேன்.

ரிக்கார்டு முழுக்கக் கேட்டார். "இன்னைக்கு என்ன சாக்குச் சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல அண்ணே. எண்ணெ ஊத்த மறந்துட்டேன்னான்."

அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "இத்தன வருஷத்துல அப்படி ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல. அவன் அஞ்சு தடவ வந்த ஆளே இல்ல, போ" என்று சொல்லிவிட்டு மாமனார் கட்டை இழுத்தார். "அஞ்சு தடவ வந்த முத்துசாமி ஒருத்தன் எனக்குத் தெரியும். அஞ்சு தடவையும் மாமனாரக் கொன்னவன்."

நாங்கள் கட்டோடு வராந்தாவுக்கு வந்தோம். வண்டிக்காரரின் மனைவியிடம் ரிக்கார்டு கேட்டார். "ஏம்மா, ஒங்கப்பா எப்ப தவறுனாரு?"

அந்தப் பெண் பதறிப்போய் வெளியே எட்டிப் பார்த்தாள். "எங்கப்பாவா? அந்தா மாட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரே."

மரத்தடியில் ஒரு கிழவர் இரண்டு மாடுகளுக்கு நடுவே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ரிக்கார்டு மாட்டுக் கயிற்றை என் கையில் திணித்துவிட்டு, கிழவரைக் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். கூண்டிருக்கும் அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததை யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் மாடுகளை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஓடினேன்.

ரிக்கார்டு ஐந்து காகிதங்களையும் துரையின் மேஜையில் பரப்பினார். ஐந்திலும் ஒரே வண்டி நம்பர், ஒரே கைநாட்டு. இன்று நிற்பவரின் வண்டி நம்பர் வேறு. "அந்த முத்துசாமிக்கு மாமனார் அஞ்சு தடவ செத்தாருங்க. இவன் மாமனாரு இதோ இருக்காரு" என்றார் தமிழில்.

கிழவருக்கு விவகாரம் புரியவில்லை. ஆனாலும் துரையைக் கும்பிட்டு, "நான் சாவலீங்க" என்றார்.

துரை கைநாட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடியாலேயே வாயை மறைத்துக்கொண்டார். விளக்கில்லாததற்கு மட்டும் அபராதம், லைசென்ஸ் தப்பியது. அந்தப் பெண் அழுதுகொண்டே ரிக்கார்டின் காலில் விழப் போக, அவர் கட்டைத் தூக்கி நடுவில் பிடித்துக்கொண்டார்.

துரை அவரைக் கூப்பிட்டுக் கட்டு முறையை விசாரித்தார். தன் சிநேகிதர்களின் காகிதம் ஏதாவது அதில் இருக்கிறதா என்றும் கேட்டார்.

"எல்லாக் கட்டுலயும் இருக்காங்க" என்றார் ரிக்கார்டு.

இன்டர்பிரட்டர் அதை 'இல்லை' என்று மொழிபெயர்த்தார்.

இரண்டு வருடம் கழித்து அவருக்கு ஓய்வு கொடுத்தார்கள். கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். காகிதங்களை எல்லாம் ஏ, பி, சி என்று பிரித்து அடுக்கினோம். அலமாரி பார்க்க லட்சணமாக இருந்தது. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

நான் மாதா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு ரயில் ஏறுவேன். "பழைய கேஸ் ஒண்ணுல ஒரு சந்தேகம் அண்ணே" என்று போய் நிற்பேன். அவர் கேட்டுவிட்டு, நிதானமாக விளக்கம் சொல்லுவார். அதற்குள் மகள் காப்பி கொண்டுவருவாள், சாப்பாட்டு வேளையாகிவிடும், வெயில் தாழ்ந்துவிடும். ரயிலுக்குப் புறப்படும்போது வாசல்வரை வருவார்.

"அடுத்த சந்தேகம் எப்ப வரும்?"

"வர மாசம் மொத ஞாயித்துக்கெழம அண்ணே."

"காலையிலேயே வரட்டும்" என்பார்.