முப்பதடிக் குடிமகன்

வரைபடம் வரைகிறவர்கள் மறந்துபோன ஒரு மூலையில் செம்மேட்டு நாடு என்று ஒரு நாடு இருந்தது. ஒளிமாறன் என்பவர் அதன் மன்னர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடக்கும். குடிமக்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு கூழாங்கல்லைக் குடத்தில் போடுவார்கள். குடம் ஒன்றுதான் வைக்கப்படும் என்பதால் எண்ணிக்கையில் குழப்பம் வந்ததே கிடையாது.

அப்படியொரு தேர்தல் வரவிருந்த வருஷம், ஒற்றர்கள் ஒரு சேதி கொண்டுவந்தார்கள். தெருவுக்கு மூன்று மன்னர் சிலை நிற்கிறது, நமக்கு ஒன்றாவது உண்டா என்று ஜனங்கள் முணுமுணுக்கிறார்களாம். மன்னருக்கு மனசு கேட்கவில்லை. சாதாரணக் குடிமகனுக்கு முப்பதடியில் ஒரு சிலை வைக்கப்படும், ஐந்து மண்டலத்துச் சிற்பிகள் ஐந்து பேர் சேர்ந்து அதைச் செதுக்க வேண்டும், ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை திறப்புவிழா என்று ஓலை போனது.

ஐந்து சிற்பிகளை ஒரே பந்தலுக்குக் கீழே வைத்து வேலை வாங்குவது என்ன லேசுப்பட்ட காரியமா? அந்தப் பொறுப்பு அங்காயியின் தலையில் விழுந்தது. தலைநகரை ஒட்டி ஓடும் கருக்காற்றின் மறுகரைக்காரி, உளி பிடித்து முப்பது வருஷம் ஆனவள். முதல் பத்து நாள் சண்டையிலேயே போனது. குடிமகனுக்குத் தலைப்பாகை வேண்டும் என்றார் வடக்குச் சிற்பி. எங்கள் பக்கம் யார் தலைப்பாகை கட்டுகிறார்கள் என்று கடற்கரைச் சிற்பி உளியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அங்காயி சத்தம் போடவில்லை. ஐந்து பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்துச் சோறு போட்டாள்.

"உங்களுக்கு எதைச் செதுக்கினா சந்தோசமோ அதை எடுத்துக்கங்க. சந்தோசமாச் செஞ்சது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்" என்றாள்.

ஒருவர் பாதத்தை எடுத்தார், ஒருவர் கையை எடுத்தார். முகம் முத்திருளனுக்கு வந்தது. அந்தக் கூட்டத்திலேயே மூத்தவர், முன்கோபி, ஆனால் கை அவ்வளவு சுத்தம். நாலு மாதத்தில் ஐந்து பெரிய கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஓர் ஆள் எழுந்து நின்றான். ஒரு காலை முன்னே வைத்து, ஒரு கையை நீட்டி, ஏதோ கேட்க வாயெடுத்த மாதிரி நின்றான். அடடா, என்ன உயிர் அந்த முகத்தில்! சிற்பிகள் ஐந்து பேரும் சண்டையை மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அங்காயிக்கு மட்டும் மனம் அதில் முழுசாக ஒட்டவில்லை. அவள் மகள் பூவாத்தா நிறைசூலியாக வீட்டில் இருந்தாள். ஐப்பசியில் நாள் சொல்லியிருந்தார்கள். ஐப்பசியில்தான் கருக்காற்றில் வெள்ளமும் வரும். மருத்துவச்சி இருப்பது தலைநகரத்துக் கரையில். மறுகரைக்காரர்கள் பொழுது சாய்ந்தபின் தலைநகரில் தங்கக்கூடாது என்று சட்டம் இருந்ததால் மகளை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கவும் வழியில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பூவாத்தாவுக்கு முதல் பிரசவம். வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மருத்துவச்சி பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இந்தப் பக்கம் அங்காயி நின்று கத்தினாள். பிள்ளை பிறந்தது, அழவேயில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு தரைப்பாலம் கேட்டு மறுகரை ஜனங்கள் பதினேழு முறை மனுக் கொடுத்துவிட்டார்கள். பதினேழு முறையும் ஒரே பதில்தான். நாட்டிலுள்ள கல்லெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம், அரசாங்கக் கல்லைச் சிலைக்கு மட்டுமே பயன்படுத்தலாம்.

இந்த நிலைமையில் சிலையைப் பார்வையிடச் சிலைத்துறை மந்திரி வாக்கழகர் பல்லக்கில் வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"சிற்பம் போற்றத்தக்கது. ஆயினும் வாய் திறந்திருப்பதைக் கவனித்தோம். திருப்தியடைந்த குடிமகன் எதற்காக வாயைத் திறக்க வேண்டும்? மூடிவிடுக."

முத்திருளன் பாய்ந்தார். "அது எப்படிங்க மூட முடியும்? கல்லுல எடுக்கத்தான் முடியும், வைக்க முடியாது!"

"எடுப்பதில் எமக்கு ஆட்சேபம் இல்லை" என்று சொல்லிவிட்டு மந்திரி பல்லக்கில் ஏறினார்.

வாயை மூட வேண்டுமானால் முகத்தையே அரை முழம் உள்ளே தள்ளிச் செதுக்க வேண்டும். மறுநாள் உதடும் கன்னமும் மூக்குமாகக் கல் கீழே விழுந்தது. முத்திருளன் வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அங்காயி களைத்துப்போய் விழுந்த கல்லின்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்து, அந்தக் கல்லை நீளமும் அகலமும் அளந்து பார்த்தாள். நேரே அரசாங்கக் கல்லுக்குக் கணக்கு வைக்கும் கல் கச்சேரி எழுத்தரிடம் போனாள்.

"அய்யா, சிலையிலேருந்து உதிர்ற கல்லு யாருக்குச் சேரும்?"

எழுத்தர் சுவடியைப் புரட்டினார். "சிற்பிக்கே சேரும். அள்ளிப் போட அரசாங்கத்தில் ஆள் இல்லாத காரணத்தால்."

அங்காயிக்கு அப்போது வந்த சந்தோஷத்தில் எழுத்தரைக் கட்டிப்பிடிக்காதது ஒன்றுதான் பாக்கி. பந்தலுக்கு ஓடிவந்து ஐந்து பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். இனி எந்த மந்திரி என்ன திருத்தம் சொன்னாலும் தட்டக்கூடாது, விழுகிற கல்லெல்லாம் ஆற்றுக்கு. நாலு பேர் தலையாட்டினார்கள். முத்திருளன் ஆட்டவில்லை.

"நாலு மாசம் உசிரைக் குடுத்துச் செதுக்கினது தாயி. நீயே உடைக்கச் சொல்றியா?"

"சொல்றேன்ணே. எனக்கும் வயிறு எரியுது. ஆனா எம்மக அங்க நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கா. வானத்துல மேகத்தைக் கண்டாலே அழுவுறா."

முத்திருளன் சிலையின் மூளி முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு உளியை எடுத்தார்.

"கல்லு வாய் போனாப் போகுது. பொறக்கப்போறதுக்கு அழ ஒரு வாய் வேணும்ல."

அதற்குப் பிறகு அங்காயி எல்லாத் துறைக்கும் ஓலை அனுப்பினாள். தங்கள் மேலான ஆலோசனை இல்லாமல் சிலை முழுமை பெறாது என்று எழுதியிருந்தாள். ஆலோசனை கேட்டால் எந்த மந்திரி சும்மா இருப்பார்? வரிசைகட்டி வந்தார்கள். நீட்டிய கை எதையோ கேட்பதுபோல் இருக்கிறது என்றார் கருவூல மந்திரி. கை விழுந்தது, அதில் நாலு முழப் பாலம் ஆயிற்று. காலை முன்னே வைத்து இவன் எந்த நாட்டுக்குப் போகிறான் என்று எல்லைக்காவல் மந்திரி கேட்டார். காலும் விழுந்தது. முதுகு இவ்வளவு நிமிர்ந்திருப்பது நல்ல வளர்ப்புக்கு அடையாளமல்ல என்றார் பண்பாட்டு மந்திரி.

உணவு மந்திரிதான் கொஞ்சம் சிரமப்படுத்தினார். வயிறு ஒட்டியிருக்கிறது, அது நாட்டுக்கு அவதூறு, புடைக்கச் செய்யுங்கள் என்றார்.

"வைக்க முடியாதுங்களே அய்யா" என்றாள் அங்காயி.

மந்திரி கண்ணை மூடி யோசித்தார். "மற்ற இடங்களையெல்லாம் குறையுங்கள். வயிறு தானாகப் பெரிதாகத் தெரியும். எமது துறையின் புள்ளிவிவரங்களை நாம் அவ்வாறுதான் தயாரிக்கிறோம்."

நெஞ்சும் தோளும் தொடையும் வண்டி வண்டியாக ஆற்றுக்குப் போயின. மறுகரை ஜனங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கல்லடுக்கினார்கள். அவர்கள் பாட்டுச் சத்தம் பந்தல்வரை கேட்டது. முத்திருளன்கூட உளிச் சத்தத்தை அந்தப் பாட்டுக்குச் சேர்த்துப் போட ஆரம்பித்துவிட்டார்.

புரட்டாசி கடைசியில் இடி இடித்தது. பாலம் நடுவில் இருபது முழம் பாக்கி. அன்றைக்குப் பார்த்து மந்திரிகள் அத்தனை பேரும் ஒன்றாக வந்து, சிலையில் இனி ஒரு குறையும் இல்லை என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். வாய் இல்லை, கை இல்லை, கால் ஒட்டியிருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, வயிறு மட்டும் பிரமாதம். அங்காயி ஆற்றுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பூவாத்தா அழுத முகம் கண்முன் வந்தது. மூளை வேலை செய்தது.

"ரொம்ப சந்தோசம் அய்யா. முதுகு வளைஞ்சும் இருபத்தெட்டடி நிக்குறான். அரண்மனை வாசல்ல நம்ம மகாராஜா சிலை பதினஞ்சடிதானே? பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினோம்னா மகாராஜா இவன் இடுப்புக்கு வருவாரு. என்ன அம்சமா இருக்கும்!"

வாக்கழகர் பல்லக்கைப் பிடித்துக்கொண்டார். குடிமகன் மன்னரின் முழங்காலுக்கு மேல் வரலாகாது என்று அங்கேயே ஆணை பிறந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மந்திரியும் தன் பங்குக்கு ஒரு சாண் குறைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் பாலம் கரை தொட்டது.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, தூறல். மேளதாளத்தோடு மன்னர் வந்து பட்டுத் திரையை விலக்கினார். பீடத்தின்மேல் ஒன்றரை அடியில், வயிற்றைத் தள்ளிக்கொண்டு, பணிவாக ஏதோ ஒன்று நின்றது. மன்னர் குனிந்து பார்த்தார்.

"முப்பதடி என்றீர்களே, மீதி எங்கே?"

தப்பிக்க வழி தேடி வாக்கழகர் அங்காயியை முன்னே தள்ளிவிட்டார். அவள் கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஆத்துல படுத்திருக்கான் மகாராஜா."

மன்னர் நேரே ஆற்றுக்குப் போனார். வெள்ளம் புரண்டு ஓடியது. அதன் குறுக்கே தோளும் தொடையும் முதுகுமாகப் பாலம் கிடந்தது. மன்னர் ஒரு காலை வைத்துப் பார்த்தார். நாலடி நடந்தார். உறுதியாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"இதுவல்லவோ சிலை! குடிமகன் எழுந்து நிற்பதைவிடக் கிடப்பதே அழகு. நடப்பதற்கும் எமக்கு வசதி. இப்படிச் செய்ய வேண்டும் என்று எமக்கே முதலில் தோன்றியதாகக் கல்வெட்டில் பொறித்துவிடுங்கள்."

மந்திரிகள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்குள்ளே மறுகரையிலிருந்து அங்காயியின் மருமகன் ஓடிவந்தான். அடுத்த நிமிஷம் மருத்துவச்சி காத்தாயி பையோடு பாலத்தில் இறங்கினாள்.

"கொஞ்சம் ஒதுங்குங்க மகாராஜா, அவசரம்" என்றாள்.

செம்மேட்டு நாட்டு வரலாற்றில் முதல் தடவையாக மன்னர் ஒதுங்கினார். அங்காயி அவள் பின்னாலேயே ஓடினாள். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. ஊரே அதிரும்படி அழுதது. அங்காயியும் சேர்ந்து அழுதாள், அது வேறு அழுகை. பின்னாலேயே வந்து வாசலில் நின்ற முத்திருளன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத் தெறக்குது வாய். இதை எவனும் மூடச் சொல்ல முடியாது" என்றார்.

தையில் தேர்தல் நடந்தது. குடம் நிறைந்தது. அந்த மகிழ்ச்சியில் மன்னர் நூறடியில் நன்றியுள்ள குடிமகன் சிலை ஒன்றை அறிவித்தார். பொறுப்பு மறுபடியும் அங்காயிக்கே வந்தது. ஓலை வந்த மறுநாள் காலை மலையடி ஊர்க்காரர்கள் நாலு பேர் அவள் பந்தலுக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்கள்.

"எங்க ஊருக்குப் பள்ளிக்கூடம் வேணும் அக்கா. மூணு வகுப்பு, சுத்துச்சுவரு. நூறடி காணுமா?"

அங்காயி பேத்தியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"கல்லு தாராளமாக் காணும். மந்திரிதான் இன்னும் ரெண்டு பேர் வேணும்" என்றாள்.