லைசென்ஸ்காரரின் மாடி ரூம்

அந்தத் தெருவில் அவருக்கு 'லைசென்ஸ்' என்றே பெயர். குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம் லைசென்ஸ் கேட்டார். பெயின்ட் அடிக்க வந்தவரிடம் கேட்டார். பூனையைத் தேடி உள்ளே வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்காமல் விட்டதே பெரிய விஷயம்.

ஆனால் உள்விவகாரம் வேறு. அவர் மனைவிக்குச் சமையலறையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். ஃப்ரிட்ஜைத் திறந்தால் பின்கதவு திறக்காது. பின்கதவைத் திறந்தால் அவள் வெளியே போய் நிற்க வேண்டும். நாலு வருஷமாகக் கேட்கிறாள். சுவரை இடித்தால் சாமான்கள் மொத்தமும் மாடி ரூமுக்குத்தான் ஏறும். மாடி ரூமோ அவருடைய சொர்க்கம். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ, உள்பக்கம் தாழ்ப்பாள். அந்த வீட்டில் அவர் சொன்னபடி கேட்பது அந்தத் தாழ்ப்பாள் ஒன்றுதான். விட்டுக்கொடுப்பாரா மனுஷர்?

அதனால் மனைவி எந்தக் கான்ட்ராக்டரைக் கூட்டி வந்தாலும், நகராட்சி அலுவலகத்துக்குப் போய் அந்த ஆளின் பூர்வோத்தரத்தையே தோண்டிவிடுவார். முதல் ஆளுக்கு லைசென்ஸ் காலாவதி. அடுத்தவர் அனுமதி வாங்காமலே மூன்று வீடுகளை இடித்துக் கட்டியவர். மூன்றாமவர் லைசென்ஸில் இருந்த போட்டோ அவருடைய தம்பியுடையது. கண்டுபிடித்ததெல்லாம் உண்மைதான், பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு தடவையும் துக்க முகத்தோடு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லுவார். அப்புறம் மாடி ஏறி, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரிப்பார்.

நாலாவதாக வந்தது ஒரு கான்ட்ராக்டரம்மா. கையில் தடிமனான ஃபைல்.

"இவங்களையும் விசாரிச்சுட்டு வந்துடுங்க," என்றாள் மனைவி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"விசாரிக்காம விடுவேனா?"

"வேலை நடக்கப்போற வீட்டைப் பத்தி விவரமா எழுதுங்க. மூணு தடவையும் வெறும் தெருப் பேரை எழுதிட்டு வந்தீங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

ரோஷம் வந்துவிட்டது. அலுவலகத்தில் உட்கார்ந்து, விண்ணப்பத்தில் கதவு எண், சமையலறை அளவு, எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதினார். இடம் மிச்சமிருந்தது. 'மாடியில் காற்றோட்டமான ரூம் ஒன்று உண்டு' என்று பெருமையாகச் சேர்த்துக் கையெழுத்தும் போட்டார்.

கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைத் தட்டினாள். "கான்ட்ராக்டர் சுத்தம் சார். பத்தொன்பது வேலை செஞ்சிருக்காங்க. பத்தொன்பதுக்கும் அனுமதி இருக்கு. லைசென்ஸ் இன்னும் மூணு வருஷத்துக்குச் செல்லும்."

அவர் கவுன்டர் மேல் எக்கிக் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார். "நல்லா பாருங்கம்மா. எங்கேயாவது அனுமதியில்லாத கட்டடம் ஒண்ணு, ஒரே ஒண்ணு..."

"இருக்கு சார்."

"அப்படி வாங்க வழிக்கு! எந்த வீடு?" பேனாவைத் திறந்தார்.

"உங்க வீடுதான். எங்க ரெக்கார்டுல அங்க வெறும் மொட்டை மாடிதான் இருக்கு. நீங்க ரூம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. கட்டினது யாரு?"

கட்டினது அவருடைய பால்ய சிநேகிதன். நாலே நாளில் கட்டிக் கொடுத்தான். சிநேகிதனிடம் போய் யாராவது லைசென்ஸ் கேட்பார்களா? இவரும் கேட்கவில்லை.

"இப்ப என்னம்மா பண்றது?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"முப்பது நாளைக்குள்ள முறைப்படுத்தணும், இல்லேன்னா இடிக்கணும். நல்ல கான்ட்ராக்டரா பார்த்து மனு போடச் சொல்லுங்க. இந்தம்மாவே நல்லாத்தான் இருக்காங்க."

வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்கு ஓடி வந்தார். மனைவியும் கான்ட்ராக்டரம்மாவும் மேஜை மேல் வரைபடத்தை விரித்துவைத்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க. எத்தனை நாள் குடுத்தாங்க?" என்றாள் மனைவி.

அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அப்படியே நாற்காலியில் சரிந்தார். "அடிப்பாவி! இதுக்குத்தான் விவரமா எழுதச் சொன்னியா?"

"நாலு வருஷமா நீங்க மாடியில சிரிக்கறது கீழ நல்லாவே கேக்குதுங்க."

கான்ட்ராக்டரம்மாவுக்கே இரக்கமாகிவிட்டது. "கவலைப்படாதீங்க சார். ரூமை இடிக்க வேண்டாம். சமையலறையையும் மாடி ரூமையும் சேர்த்து ஒரே மனுவா எழுதி வச்சாச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

ரூம் பிழைத்தது! அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. காட்டின மூன்று இடத்திலும் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். ஊரார் காகிதத்தையெல்லாம் வரி விடாமல் படித்த மனுஷர், இதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தார். மாடி ரூமுக்கு நேரே, 'சமையல் சாமான் அறை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம்' என்று அச்சடித்திருந்தது.

"அப்போ என் நாற்காலி?"

"அதுக்கும் இடம் விட்டிருக்கேன். புதுச் சமையலறையில, ஜன்னலோரமா, வெங்காயக் கூடைக்குப் பக்கத்துல," என்று வரைபடத்தில் விரலை வைத்தாள் மனைவி. "உரிக்கறதுக்கு லைசென்ஸ் வேண்டாங்க. நான் விசாரிச்சுட்டேன்."