ஆறு மணி நேரம் குறைகிறது

அன்புள்ள மச்சான் சுந்தரேசன் அவர்களுக்கு,

அழகப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை சுதா சுகம். நான் உடம்பளவில் சுகம். அங்கே வீட்டிலும் மளிகைக் கடையிலும் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

இந்தச் சிங்கப்பூரில் இருபத்தாறு வருடமாக சிராங்கூன் ரோடு துணைப்பாட நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது ஆசிரியர் உரிமத்தைப் புதுப்பிக்க இருபது மணி நேரப் பயிற்சி வேண்டுமாம். பதினான்கு முடித்துவிட்டேன். மீதி ஆறும் வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் என் ஆறாம் வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அடுத்த மாதம் வாய்மொழித் தேர்வு. மிதுனன் என்ற பையன் இப்போதுதான் வாயைத் திறந்து நாலு வாக்கியம் பேசுகிறான். அவனை எப்படி விட்டுவிட்டுப் போவேன்?

முதலில் இணையப் பாடம் எடுத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று பொத்தானை அழுத்த வேண்டும், தவறினால் முதலிலிருந்து ஓடும். குக்கரை இறக்கப் போனேன், கதவு திறக்கப் போனேன், நாலு தடவை முதலிலிருந்து ஓடியது. ஐந்தாவது தடவை கடைசியில் தேர்வு வந்தது. பாடத்தைக் காதால் கேட்டே அடுப்படியிலிருந்து சுதா எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னாள், எனக்கு ஒன்றும் தெரியாமல் தோற்றேன். சரி, நேரில் போவோம் என்று கிளமெண்டியில் 'ஆசிரியருக்கு மனஅமைதி' என்ற பட்டறைக்குப் போனேன். கண்ணை மூடச் சொன்னார்கள், மூடினேன், தூங்கிவிட்டேன். கடைசியில் வருகைப் பதிவுக்காகத் திரையில் ஐந்து நிமிடம் காட்டிய கியூஆர் கட்டத்தை எல்லாரும் கைப்பேசியில் பிடித்துக்கொண்டார்கள். நான் ஆழ்ந்த தியானத்தில் இருப்பதாக நினைத்து யாரும் எழுப்பவில்லை, படம் மட்டும் எடுத்தார்கள். பதிவு மேசைப் பெண்ணிடம் அந்தப் படத்தைக் காட்டிக் கெஞ்சினேன். "சார், நீங்க இருந்தீங்க, நான் பார்த்தேன். ஆனா ஸ்கேன் பண்ணலன்னா மணி கிடையாது லா," என்றாள்.

நேற்று கடைசி வழி: சக ஆசிரியர் பாடம் நடத்துவதைச் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும். நூருன்னிசா டீச்சர் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பிள்ளை தப்பாகப் படித்தது. மச்சான், என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பலகைப் பக்கம் போனவன் பாடம் முடியும்வரை பின்வரிசைக்குத் திரும்பவில்லை. படிவத்தில் டீச்சர் நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார். "நான் என்னங்க செய்றது, நீங்க நடத்துனீங்க, நான்தானே பார்த்தேன்?" என்றார். மணி நேரம் அவர் கணக்கில் ஏறிவிட்டது.

வீட்டுக்கு வந்து அழுதுவிட்டேன். இனி எனக்கு வாத்தியார் வேலை வேண்டாம். உங்கள் கடையில் ஏதாவது வேலை இருந்தால் சனிக்கிழமையிலிருந்து வருகிறேன்.

எல்லாருக்கும் என் அன்பையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
அழகப்பன்

பி.கு.: மச்சான், எனக்குக் கடையில் வேலை பார்த்து வைக்க வேண்டாம். தபாலில் போடும்முன் சுதா இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து, 'அனுபவச் சிந்தனைக் கட்டுரை' என்று என் பெயரில் பயிற்சி அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். ஆறு மணி நேரமும் கொடுத்துவிட்டார்கள். தோல்வியில் துவளாத என் மனத்தைப் பாராட்டி, புது ஆசிரியர்களுக்கு 'சோர்வில்லாமல் கற்பிப்பது எப்படி' என்று மூன்று மணி நேரம் பேச அழைத்திருக்கிறார்கள். பேசுகிறவருக்கு மட்டும் அது பயிற்சிக் கணக்கில் சேராதாம்.