மூலையில் ஒரு சுருக்கம்

"இந்தச் சுருக்கத்தைப் பாரேன்" என்று பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார் மூடிக்காரர்.

"எது, என் நெத்தியில விழுந்திருக்கே, அதுவா?" என்றாள் மனைவி.

டப்பாத் தொழிற்சாலையில் மூடிகளைச் சோதிப்பவர் அவர். லென்ஸ் வைத்துப் பார்த்து 'தள்ளு' என்றால் தள்ளுதான். முதலாளியே கெஞ்சினாலும் நடக்காது. அப்பேர்ப்பட்ட மனிதர், பல வருடச் சேமிப்பைக் கிரிப்டோ என்ற இணையக் காசில் போட்டுக் கைப்பேசியிலேயே வைத்திருந்தார். கைப்பேசியோ பேட்டரி உப்பி, முதுகு வீங்கிக் கிடந்தது. அது உயிரை விட்டால் சேமிப்பும் கூடவே போகும். அதற்குள் எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டி வைக்கத்தான் இந்த ஹார்டுவேர் வாலெட். விரல் நீளக் கருவி. அது போலி என்றால், வீட்டுச் சாவியைத் திருடனுக்குத் தபாலில் அனுப்பிய மாதிரி.

"உறையை யாரோ பிரிச்சு ஒட்டியிருக்கான். திருப்பி அனுப்பறேன்."

"போட்டுத்தான் பாருங்களேன்."

"சீல் சரியில்லைன்னா உள்ளே பார்க்கவே கூடாது. அது தொழில் சுத்தம்."

பெட்டி திரும்பிப் போனது. அடுத்தது வருவதற்குள், மேசையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது கைப்பேசி.

இரண்டாவது பெட்டியையும் பகலில் வீட்டிலிருந்த மாமியார்தான் வாங்கி வைத்திருந்தார்.

"வந்துடுச்சு மாப்பிள்ளை. முதல்ல சாப்பிடுங்க."

"இருங்க அத்தை."

லென்ஸ் மூலைக்குப் போனது. அதே மூலை, அதே சுருக்கம்!

"கூரியர்காரன் கூட்டுக் களவாணி!"

"பாவம், படியேறவே அவனுக்கு மூச்சு வாங்குது" என்றாள் மனைவி. "அவன் எங்க கூட்டு சேர!"

மூடிக்காரர் விடுவாரா? அதையும் அனுப்பிவிட்டு, விடுப்புப் போட்டு, தயாரிப்பாளரே அங்கீகரித்த கடைக்குப் போனார். ஒரு பெட்டியை எடுத்து ஆறு பக்கமும் லென்ஸால் மேய்ந்தார்.

"என் டாக்டர்கூட என்னை இவ்வளவு பார்த்ததில்ல சார்" என்றார் கடைக்காரர்.

சுருக்கம் இல்லை. பிறந்த குழந்தையைப் போல மடியில் வைத்து வீடு கொண்டுவந்தார். பொழுது சாய்ந்திருந்தது. பகல் வெளிச்சம் இல்லாமல் அவர் எதையும் 'சரி' என்று சொன்னதில்லை. துணி அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டுப் படுத்தார்.

காலையில் எடுத்தார். மூலையில் சுருக்கம்.

"வீட்டுக்குள்ளேயே வந்துட்டாண்டி!"

"எவன்?"

கைப்பேசியின் பின்மூடி 'டப்'பென்று கழன்று விழுந்தது. வேறு வழியே இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் தள்ளிய பொருளைத் தானே பிரித்தார். கருவியை உயிர்ப்பித்தார்.

'பின் நம்பரை உள்ளிடவும்' என்றது திரை.

மூடிக்காரர் கருவியைச் சட்டென்று மேசையில் போட்டார்.

"புதுசா இருந்தா, நம்பர் வைக்கச் சொல்லித்தான் கேக்கணும். வெச்ச நம்பரைக் கேக்குதுன்னா எவனோ முன்னாடியே பூட்டியிருக்கான்! பெரிய கும்பல்டி இது. சுத்தியலை எடு!"

மனைவி நிஜமாகவே சுத்தியலைத் தேட ஓடினாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே மாமியார் எட்டிப் பார்த்தார்.

"என் பிறந்த வருஷத்தைப் போடுங்க மாப்பிள்ளை, நீங்க ஏமாந்துடக் கூடாதேன்னு, மூணையும் பிரிச்சு நானே சோதிச்சு, மூணுக்கும் அதைத்தான் நம்பரா வெச்சு, திரும்ப ஒட்டி வெச்சேன்!"