பதிமூவாயிரம் அடி மரியாதை

ஷூ காலை விட்டு வர மாட்டேன் என்றது.

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தில் ஒரு காலை முட்டுக் கொடுத்து, ஷூவைப் பிடித்து இழுத்தாள்.

"பத்து நாள் வீட்டுக்குள்ளயே போட்டுக்கிட்டு நடந்தா பழகிடும்னு கடைக்காரர் சொன்னாரே?"

"ஷூ பழகிடுச்சு. கால்தான் பழகலை. மெதுவா இழும்மா, அந்தக் கால் எனக்கு இன்னும் வேணும்."

ஷூ கழன்றது. கூடவே காலுறையும், குதிகாலில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தோலும் வந்தன. இன்ஸ்பெக்டர் அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

இருபத்தாறு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. உயரமான கட்டடங்களுக்குப் போய், லிஃப்டின் கம்பி வடத்தையும் பிரேக்கையும் சோதித்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது. அதாவது, மனிதர்கள் படி ஏறாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். அப்பேர்ப்பட்டவர் பதிமூவாயிரம் அடி உயரத்துக்கு நடந்து போகப் போகிறார் என்றால், அதற்குக் காரணம் வேறு யாருமில்லை. அவருடைய வாய்தான்.

மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்று, பையன் வீட்டுக் கூடத்தில் பேச்சு திடீரென்று நின்றுபோனது. பையனின் அப்பா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்; எதிரே இருப்பவர் கேட்டால்தான் பேசுவார். எல்லாரும் அவரவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் இன்ஸ்பெக்டர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். மேகத்துக்கு மேலே ஒரு மலை, அதன் உச்சியில் கூரையில்லாத ஒரு பழைய கல் நகரம்.

"ஆகா! இந்த மாதிரி இடத்தையெல்லாம் சாகறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பார்த்துடணும் சம்பந்தி."

சம்பந்தி ஒரு கணம் விழித்தார். பிறகு, "அதுக்கென்ன சம்பந்தி, போயிட்டா போச்சு! நாம ரெண்டு பேருமே போவோம்," என்றார்.

ஏதோ பேச்சுக்குச் சொன்னேன் என்று சொல்லத்தான் இன்ஸ்பெக்டர் வாயெடுத்தார். அதற்குள் எதிரே இருந்த மகளின் முகம் கண்ணில் பட்டது. வந்த மூன்று வரன்களும் தட்டிப்போன பிறகு அந்த முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்திருந்தது. அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"கண்டிப்பா போறோம் சம்பந்தி."

அத்தோடு விட்டிருந்தால் இருவரும் மறந்திருப்பார்கள். மறுவாரமே சம்பந்தி ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கி அனுப்பினார். சும்மா வாங்கிக்கொண்டால் மரியாதையாக இருக்காதே என்று இவர் இரண்டு மழைக்கோட்டு வாங்கி அனுப்பினார். மழைக்கோட்டைப் பார்த்ததும் சம்பந்தி அனுமதிச் சீட்டே எடுத்துவிட்டார். மலைப்பாதை வருஷத்தில் ஆறு வாரம்தான் திறந்திருக்குமாம். கல்யாணத் தேதியும் அந்த ஆறு வாரத்துக்குள் போய் விழுந்தது. ஆகவே கல்யாணத்தை இரண்டு மாதம் தள்ளி வைத்து, மண்டபத்துக்காரரிடமும் சொல்லியாயிற்று.

"நான் வரலைன்னு சொல்லிடட்டுமா?" என்று படுத்தபடியே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நல்லா இருக்கே! உங்க ஆசைக்காகக் கல்யாணத்தையே தள்ளி வச்சிருக்காங்க. இப்போ போய் மாட்டேன்னா, வாக்கு மாறுற குடும்பம்னு நினைக்க மாட்டாங்க? நாளைக்கு நம்ம பொண்ணு அந்த வீட்டுல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா?"

இன்ஸ்பெக்டர் வழிகாட்டிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்த நகரத்தை யார் கட்டினார்கள், ஏன் ஒரே நாளில் விட்டுவிட்டுப் போனார்கள் என்பது அறிஞர்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை என்று போட்டிருந்தது. அவருக்கு நன்றாகவே விளங்கியது. ஏறி இறங்கி மாளவில்லை, போய்விட்டார்கள்.

நேரடியாகத்தானே மறுக்கக் கூடாது? ஜாடையாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று சம்பந்திக்குப் போன் போட்டார்.

"சம்பந்தி, ரொம்ப உயரமாம். மூச்சு முட்டுமாம். சில பேருக்குத் தலை சுத்தி, பாதியிலயே திரும்ப வேண்டியதாப் போயிடுதாம்."

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "ஆமா சம்பந்தி, நானும் படிச்சேன். அப்போ என்ன பண்ணலாங்கறீங்க?"

வேண்டாம் என்பதை அவர் வாயால் வரவழைத்துவிட்டால் போதும். "நீங்களே சொல்லுங்க சம்பந்தி. நீங்க என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்."

சம்பந்தி யோசித்தார். "உடம்பு உயரத்துக்குப் பழகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போய்த் தங்கணும்னு சொல்றீங்க. அதானே? சரி, உங்க இஷ்டம்."

ஆறு நாள் பயணம் எட்டு நாள் ஆயிற்று.

மூன்று நாள் கழித்து இன்ஸ்பெக்டர் இன்னொரு தடவை முயன்றார். "சம்பந்தி, பாதி தூரம் குதிரை கிடைக்குமாம்."

"குதிரையா?" சம்பந்தியின் குரலில் ஒரு பரபரப்பு. "எனக்காகவா சொல்றீங்க? என்னால நடக்க முடியாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

இன்ஸ்பெக்டருக்கு வியர்த்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பாவைக் கிழவர் என்று சொன்னதாக ஆகிவிடுமே! "சேச்சே! நீங்க சிங்கம் மாதிரி இருக்கீங்க. குதிரை கிதிரை எல்லாம் நமக்கெதுக்கு? நடந்தே போறோம்."

"நடந்தேதான் போகணுமா?"

"பின்னே!"

"சரி," என்றார் சம்பந்தி, வெகுநேரம் கழித்து.

இனி ஏறிப் பழகுவதைத் தவிர வழியில்லை. பக்கத்து வட்டாரத்தில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று இருந்தது. லிஃப்ட் எவ்வளவு கனம் தாங்கும் என்று சோதிக்க வைத்திருக்கும் இரும்புக் கட்டிகளில் இரண்டை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் அங்கே போய்ப் படியில் ஏறினார். முதல் நாள் மூன்றாம் மாடியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கக் காவலாளியின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள் காவலாளி கேட்டார்: "ஏன் சார், போன மாசம்தானே லிஃப்ட் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் நீங்க ஏன் படியில ஏறறீங்க?"

"அது வேற விஷயம்ப்பா."

காவலாளி தலையாட்டினார். அது எந்த மாதிரித் தலையாட்டல் என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. கட்டடத்தில் இருந்த நூற்று எண்பது பேரும் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டரே ஏற மாட்டேன் என்கிறார், ஏதோ விஷயம் இருக்கிறது, வெளியில் சொல்லாமல் மறைக்கிறார் என்று ஆறு மாடியிலும் பேச்சு. ஐந்தாம் மாடியில் இருந்த கணக்காயர் இவரைப் படிக்கட்டில் மடக்கி, "எனக்கு ரெண்டு குழந்தைங்க சார், உண்மையைச் சொல்லிடுங்க," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

மேலதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "லிஃப்ட் பாதுகாப்பானதுன்னு ஜனங்களுக்கு நம்பிக்கை வரணும். ஒரு வாரம் ஆபீஸ் நேரம் முழுக்க நீங்களே அதுல போயிட்டு வந்துக்கிட்டு இருங்க. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வச்சுக்குங்க."

ஆகவே பகலெல்லாம் இன்ஸ்பெக்டர் லிஃப்டில் சிரித்தபடி மேலும் கீழும் போனார். காலையும் மாலையும், யாரும் பார்க்காதபடி, வேறொரு கட்டடத்தின் படிகளில் அழாக்குறையாக ஏறினார். வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்காரும்போது ஒரு முனகல், எழும்போது ஒரு முனகல்.

கடைசி நம்பிக்கை டாக்டர். மேலே போக டாக்டரின் சான்றிதழ் கட்டாயம். தகுதியில்லை என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் சம்பந்தியும் வருத்தப்பட முடியாது, கல்யாணத்துக்கும் பங்கம் வராது. இன்ஸ்பெக்டர் நம்பிக்கையோடு நாக்கை நீட்டினார், மூச்சை இழுத்து விட்டார், ரத்தம் கொடுத்தார்.

டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சார் பண்ணீங்க? சர்க்கரை இறங்கியிருக்கு. ரத்த அழுத்தம் இருபத்தஞ்சு வயசுப் பையன் மாதிரி இருக்கு."

"முட்டி வலிக்குது டாக்டர். ராத்திரியில கால் தானா உதைக்குது. நல்லாப் பாருங்க, எங்கேயாவது ஏதாவது இருக்கும்."

"ஒண்ணுமே இல்லை. தாராளமா போயிட்டு வாங்க. வந்ததும் இன்னொரு மலைக்குப் போங்க."

இந்த நல்ல செய்தியை மனைவி அன்றைக்கே சம்பந்தியம்மாவிடம் போனில் சொல்லிவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் இப்போ இருபத்தஞ்சு வயசுப் பையன்!" மறுமுனையில் சம்பந்தியம்மா தன் கணவரிடம் அதைத் திருப்பிச் சொல்வதும், ஏதோ பாத்திரம் கீழே விழுவதும் கேட்டன.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மகள் அவர் அறைக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் குதிகாலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சட்டென்று காலை மறைத்து, ஷூவைக் கையில் எடுத்துத் துடைத்தார்.

"அப்பா, ஒண்ணு பேசணும்."

அவள் முகம் வாடியிருந்தது. அப்பா கஷ்டப்படுகிறாரே என்று குழந்தை வருந்துகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இவளுக்காக மலை என்ன, வானத்துக்கே ஏணி வைத்து ஏறலாம்.

"சொல்லுடா கண்ணு."

"இந்த மலைக்குப் போறது... உண்மையிலேயே ஆசையா இருக்கியாப்பா?"

"ஆசையாவா? ராத்திரி தூக்கமே வரலைம்மா!" இது உண்மைதான். "என் வாழ்க்கையிலயே இவ்வளவு சந்தோஷமா இருந்ததில்லை. சம்பந்தி மாதிரி ஒரு மனுஷன் கிடைச்சதுக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும்."

மகள் அவர் கையிலிருந்த ஷூவைப் பார்த்தாள். "சரிப்பா," என்றாள். "போயிட்டு வா. வந்ததும் பேசிக்கலாம்."

"என்ன விஷயம்?"

"ஒண்ணும் அவசரமில்லை."

புறப்படும் நாள் காலையில் மகளும் மாப்பிள்ளையும் பேருந்து நிலையத்துக்கு வந்து வழியனுப்பினார்கள். மாப்பிள்ளை இவர் பையைத் தூக்கி வந்தான். மகள் சம்பந்தியின் பையைத் தூக்கி வந்தாள். இரண்டு அப்பாக்களுக்கும் கை கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று அவள் ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் போனார்கள். நல்ல பிள்ளைகள், எவ்வளவு அடக்கம் என்று இன்ஸ்பெக்டர் நெகிழ்ந்துபோனார்.

பேருந்து வந்து நின்றது. அதற்கு மூன்று படி. இரண்டு பேரும் அந்த மூன்று படியையும் பார்த்தார்கள்.

"ஏறுங்க சம்பந்தி."

"சேச்சே, நீங்க முதல்ல."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் ஏறலாமா?"

"பொண்ணைக் கொடுக்கறவங்க, உங்களை விட்டுட்டு நான் ஏறுவேனா?"

நடத்துநர் இரண்டு தடவை விசில் அடித்தார். மூன்றாவது தடவை அவர்களுக்காக அடிக்கவில்லை. பேருந்து போய்விட்டது.

"பஸ் போயிடுச்சே சம்பந்தி," என்றார் இன்ஸ்பெக்டர்.

"போயிடுச்சு சம்பந்தி."

"அடுத்தது?"

"நாளன்னைக்குத்தான்."

பெரிதாக ஒரு பெருமூச்சு எழுந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது இரண்டு பேரிடமிருந்தும் வந்திருந்தது.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க," என்று தரையைப் பார்த்தபடி தொடங்கினார் சம்பந்தி. "எனக்கு ஸ்டூல் மேல ஏறி பல்பு மாட்டினாலே தலை சுத்தும். ஒரு மாசமா கடைப் பையன்களுக்குத் தெரியாம மொட்டை மாடிக்கு ஏறி ஏறி, இடது முட்டி என் பேச்சையே கேக்கறதில்லை."

"அப்போ அந்தப் படம்?"

"ஃபிரேம் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர் சம்பந்தி. சுவத்துல விரிசலை மறைக்க மாட்டினேன். நீங்க அவ்வளவு ஆசையா சொன்னீங்க, மறுத்தா சம்பந்தம் கெட்டுடுமோன்னு..."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஷூவைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கிக் குதிகாலைக் காட்டினார். சம்பந்தி, வைத்தியர் காயம் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். பிறகு இருவரும் தத்தம் பைமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். இத்தனை பாடும் பிள்ளைகளுக்காகத்தானே! அந்த எண்ணத்தில் இருவருக்குமே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"ஒரு யோசனை," என்றார் இன்ஸ்பெக்டர். "நமக்காகப் பாவம் அதுங்க ரெண்டும் இவ்வளவு நாள் காத்திருக்குதுங்க. மலைதான் இல்லைன்னு ஆயிடுச்சே, கல்யாணத்தை முன்னாடி வச்சுக்கிட்டா என்ன?"

"உடனே கேளுங்க சம்பந்தி! இந்த மாசமே இடம் இருந்தாலும் சரி."

இன்ஸ்பெக்டர் மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டு, சம்பந்தியும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"ஐயா, அந்தப் பதினெட்டாம் தேதிக் கல்யாணம் விஷயமா பேசறேன். லிஃப்ட் இன்ஸ்பெக்டர் பொண்ணு, கண்ணாடிக் கடைக்காரர் பையன். அதுக்கு முன்னாடி ஏதாவது தேதி காலியா இருக்குமா?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"அந்தக் கல்யாணமா? பொண்ணும் பையனுமே நேர்ல வந்து, எங்களுக்குள்ள ஒத்து வரலை, பேசிப் பிரிஞ்சுட்டோம்னு சொல்லி ரத்து பண்ணிட்டுப் போய் ஒரு மாசமாச்சே சார். அப்பாங்க ரெண்டு பேரும் மலைக்குப் போக உயிரா இருக்காங்க, அவங்க சந்தோஷமா போயிட்டு வர்ற வரைக்கும் மூச்சு விடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க... ஆமா, நீங்க யாரு பேசறது?"